நன்றிக்கு உரியவர் ஒருவர், சொல்பவர் வேறொருவர்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் நன்றிக் கடிதம் எழுதும் முறை பற்றி வெளியான பதிலைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பியிருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. உதவியைப் பெற்றவர் ஒருவராகவும், அதற்கு நன்றி சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவர் வேறொருவராகவும் அமைந்துவிடும்போது யாருடைய பெயரில் எழுதுவது, எதை எழுதுவது, எதை விடுவது என்பதே அவர்களுடைய தயக்கம். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம், பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் தாயாருக்குப் பக்கவாதம் ஏற்பட்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்து வீடு திரும்பியிருக்கிறார். வலது கை இயங்கவில்லை. பிறர் பேசுவது அவருக்குப் புரிகிறது. அவருக்குத்தான் பேச்சு வரவில்லை. இரவுப் பணியில் இருந்த செவிலியர் ஒருவர் அவருக்கு நாள்தோறும் தலை வாரிப் பின்னிவிட்டு, பதில் வராது என்று தெரிந்தும் அவரோடு பேசிக்கொண்டே இருப்பார். அம்மா இப்போது இடது கையால் சடை பின்னுவதுபோல் காட்டிக் காட்டி, அவருக்கு எதையோ தெரிவிக்கச் சொல்கிறார். அம்மாவே எழுதுவதுபோல் ‘நான்’ என்று எழுதுவதா, மகளாக நான் எழுதுவதா? என் அண்ணனோ, கடிதமெல்லாம் எதற்கு, ஒரு கிராம் தங்கக் காசு கொடுத்துவிடலாம் என்கிறார்.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: மகளாகவே எழுதுங்கள். உங்கள் தாயார் வாயால் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ள முடிந்திருந்தால், ‘நான்’ என்று அவருடைய குரலில் எழுதுவது முற்றிலும் முறையானதே. ஆனால் அவருக்குப் பேச்சு வரவில்லை என்பது அந்தச் செவிலியருக்கு நன்றாகத் தெரியும். மூன்று வாரம் ஒரு சொல்லும் பேசாதவரிடமிருந்து அடுக்கடுக்கான வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தால், அவை மகளின் சொற்கள் என்பது முதல் வரியிலேயே தெரிந்துபோகும். தெரிந்தபின், இந்த நன்றி தாயாருடையதுதானா, மகள் மரியாதைக்காக எழுதியதா என்ற ஐயமும் எழும். உங்கள் தாயார் தம் நன்றியை ஏற்கெனவே கையால் சொல்லிவிட்டார். அதை அவர் எப்படிச் சொன்னார் என்று எழுதுவதுதான் உங்கள் வேலை. அவருக்காகப் புதிய சொற்களை உண்டாக்க வேண்டியதில்லை.

கடிதம் ஏறக்குறைய இப்படி அமையலாம்:

“அன்புள்ள செவிலியர் … அவர்களுக்கு வணக்கம். நான், நரம்பியல் பிரிவின் பெண்கள் பகுதியில் சென்ற மாதம் சிகிச்சை பெற்ற திருமதி … அவர்களின் மகள். என் தாயாருக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஆனாலும், வீட்டுக்கு வந்த நாள் முதல் அவர் இடது கையால் சடை பின்னுவதுபோல் காட்டி, வெளியே கையை நீட்டுகிறார். நீங்கள் இரவில் அவருக்குத் தலை வாரிப் பின்னிவிட்டதையும், அவரோடு பேசிக்கொண்டிருந்ததையும்தான் சொல்கிறார் என்று நாங்கள் கேட்டபோது தலையை அசைத்தார். அதற்குத் தம் நன்றியை உங்களிடம் தெரிவிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் சார்பில் இதை எழுதுகிறேன். இப்போது கைத்தாங்கலாக நடக்கிறார். இயன்முறை மருத்துவம் தொடர்கிறது.”

இவ்வளவு போதும். உங்களுக்கும் அந்தச் செவிலியரிடம் நன்றி இருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது தாயாரின் நன்றிக்குப் பின்னால், தனி வாக்கியமாக, சுருக்கமாக வரட்டும். பிறருக்காக எழுதப்படும் நன்றிக் கடிதங்களில் பெரும்பாலானவை கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். அந்த மூன்று வாரங்களில் வீட்டார் பட்ட பாடு, வேலையை விட்டுவிட்டு ஓடிவந்த கதை, உறங்காத இரவுகள் என்று எழுதுபவரின் அனுபவம் பக்கத்தை நிறைத்துவிட, யாருக்காக எழுதத் தொடங்கினோமோ அவர் இரண்டு வரியில் ஒடுங்கிவிடுகிறார்.

எழுதி முடித்ததும் தாயாருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரிகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். முகம் சுளித்தால் எந்த வரியில் சுளித்தார் என்று பாருங்கள், அதை நீக்குங்கள். அவர் ஒப்புக்கொண்டபின், கையொப்பமிட இயலாதவர்களின் பத்திரங்களில் செய்வதுபோல அவருடைய இடது பெருவிரல் ரேகையை அடியில் வைத்து, ‘என் தாயாருக்கு வாசித்துக் காட்டி, அவர் ஒப்புதலுடன் வைத்த ரேகை’ என்று பக்கத்தில் எழுதி, அதன்கீழ் நீங்கள் கையொப்பமிடலாம். இது சட்டத் தேவை எதுவும் அன்று. அந்தச் செவிலியருக்கு உங்கள் முழுக் கடிதத்தையும்விட அந்த ரேகை பெரிதாக இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு கடிதமும் எழுதுங்கள், மருத்துவமனை முதல்வருக்கு. ‘டீன்’ என்று அனைவரும் அழைக்கும் அதே அலுவலர்தான். இது அலுவலகக் கடிதமாகவே இருக்கட்டும்: அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற வரிசையில், தாயார் சேர்க்கப்பட்ட நாள், வீடு திரும்பிய நாள், சிகிச்சைப் பிரிவு, செவிலியரின் சரியான பெயர், அவர் செய்தது இன்னது என்பது ஆகியவை மட்டும். குறைகூறும் மனுக்கள் குவியும் மேசையில் பாராட்டுக் கடிதம் வருவது அரிது. பெயரும் நாளும் தெளிவாக இருந்தால்தான் அதை உரியவரிடம் சேர்க்க முடியும். ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ‘மற்றவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காதபோது இவர் ஒருவர்தான் கவனித்தார்’ என்ற வாக்கியம் எழுதுகோலில் தானாக வந்து விழும். அது நன்றியைக் குற்றச்சாட்டாக மாற்றிவிடும். அதன் விளைவை நாளைக்கு அதே கூடத்தில் அதே சக பணியாளர்களோடு வேலை செய்ய வேண்டிய அந்தப் பெண்தான் ஏற்க வேண்டியிருக்கும்.

தங்கக் காசு வேண்டாம். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 பரிசுப் பொருள்களைப் பெறுவதற்குக் கட்டுப்பாடுகளை விதித்திருக்கின்றன. வாங்க மறுத்தால் அவர் உங்கள் மனத்தை வருத்த வேண்டியிருக்கும். வாங்கினால் தம் வேலைக்கே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் அண்ணனின் எண்ணம் நல்லதுதான் என்றாலும், உங்கள் தாயார் கேட்டது அதை அன்று.

கேள்வி: என் தம்பிக்கு, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கல்லீரல் பொருத்தப்பட்டு, நல்ல நிலையில் தேறி வருகிறார். கொடுத்தவர் யார் என்று மருத்துவமனையில் சொல்லவில்லை. ஆனால் அதே வாரத்தில், சாலை விபத்தில் இறந்த இளைஞர் ஒருவரின் உறுப்புகள் கொடையாக வழங்கப்பட்டதாக நாளிதழில் செய்தி வந்திருந்தது, ஊரும் போட்டிருந்தார்கள். தம்பியால் இப்போது பயணம் செய்ய முடியாது. அவன் சார்பில் நாங்கள் நேரில் சென்று அந்தப் பெற்றோரின் காலில் விழுந்து நன்றி சொல்லி, எங்களால் இயன்ற தொகையும் கொடுத்துவிட்டு வர விரும்புகிறோம். செல்லலாமா?
– வாசகர், சேலம்

பதில்: செல்ல வேண்டாம், தொகை அறவே கூடாது.

முதலில் உங்கள் ஊகமே தவறாக இருக்கலாம். ஒருவருடைய உடலிலிருந்து இதயம், நுரையீரல், கல்லீரல், இரண்டு சிறுநீரகங்கள், கருவிழிகள் எனப் பல உறுப்புகள் பலருக்குப் போகின்றன. ஒரே வாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இப்படிக் கொடை அளிப்பதும் உண்டு. உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடத்தப்படும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்த பிறகு இத்தகைய செய்திகள் நாளிதழ்களில் பெயரோடும் ஊரோடும் வருவது இயல்பாகிவிட்டது. அவர்களுக்குக் கிடைக்கும் அந்த மரியாதை, பெற்றவர்கள் வீடு தேடிச் செல்வதற்கான முகவரி ஆகிவிடக் கூடாது. மகனை இழந்த வீட்டில் முன்பின் அறியாத நான்கு பேர் வந்து காலில் விழுந்தால், அந்த நேரத்தில் அவர்களை எழுப்பி ஆறுதல் சொல்லும் பொறுப்பும் இழந்தவர்கள் தலையிலேயே விழுகிறது. அந்தச் சந்திப்பு வேண்டுமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

தொகையைப் பொறுத்தவரை, மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994ஆம் ஆண்டு இயற்றப்பட்டதன் முக்கியக் காரணங்களுள் ஒன்று உறுப்பு வணிகத்தைத் தடுப்பதாகும். உறுப்புக்காகப் பணம் கொடுப்பதும் பெறுவதும் அச்சட்டப்படி குற்றங்கள். நன்றிக்காகக் கொடுத்தோம் என்று நீங்கள் நினைக்கலாம். ஊரார் அதை விலை என்று பேசிவிட்டால், கொடுத்த குடும்பத்தின் பெயருக்கு ஏற்படும் களங்கத்தை உங்களால் துடைக்க முடியாது.

நன்றி சொல்வதற்கு வழி இல்லாமல் இல்லை. உறுப்பு மாற்று அறுவை நடக்கும் மருத்துவமனைகளில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் என்ற பணியாளர் இருப்பார். 2011இல் அச்சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம் அவரை நியமிப்பதைக் கட்டாயமாக்கியது. பெயரில்லாக் கடிதம் ஒன்றைக் கொடுத்தால், கொடையாளர் குடும்பத்துக்கு விருப்பம் இருக்குமானால் அதைச் சேர்க்க இயலுமா என்று அவரிடம் கேளுங்கள். சேர்க்க இயலும் என்றால், தம்பியின் பெயர், ஊர், தொழில், மருத்துவமனை, அறுவை நடந்த நாள் ஆகிய எதுவும் இல்லாமல் எழுதித் தர வேண்டும்.

அந்தக் கடிதத்தில் ‘உங்கள் மகன்’ என்று எழுதாதீர்கள். கொடையாளர் ஆணா பெண்ணா, இளையவரா மூத்தவரா என்பது உங்களுக்குத் தெரியாது. ‘உங்கள் வீட்டில் ஒருவரை இழந்த அந்த நேரத்திலும் முன்பின் அறியாத ஒருவருக்காக நீங்கள் எடுத்த முடிவு’ என்று தொடங்கலாம். ‘அவர் என் தம்பியின் உடலில் வாழ்ந்துகொண்டிருக்கிறார்’ என்ற வாக்கியம் பலருக்கும் தோன்றும். அது அந்தக் குடும்பத்தார் தாங்களாகச் சொல்லிக்கொள்ளும்போது ஆறுதல் தரும். பெற்றவர் பக்கத்திலிருந்து வரும்போது, இழப்பை ஈடுகட்டிவிட்டதாகச் சொல்வதுபோல் ஒலித்துவிடும். ‘இறைவன் சித்தம்’ என்பதும் அப்படியே. மாறாக, உங்கள் தம்பியின் நிலையை எழுதுங்கள்: கண்களில் இருந்த மஞ்சள் நீங்கிவிட்டது, தானே மாடிப்படி ஏறுகிறார், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பன போன்ற செய்திகள். தாங்கள் எடுத்த முடிவு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அறியத்தான் அவர்கள் விரும்பக்கூடும். உங்கள் உணர்ச்சியின் அளவை அறிவதற்கு அன்று.

கடிதத்தின் இறுதியில், ‘அவர் உடல் தேறி எழுதும் நிலை வரும்வரை அவர் சார்பில் இதை எழுதுகிறேன்’ என்று குறிப்பிடுங்கள். பின்னர் ஓராண்டு கழித்தேனும் உங்கள் தம்பி தம் கையால் ஒரு கடிதம் எழுதித் தரட்டும். உடனிருந்து நினைவூட்டுங்கள், எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பதில் வராமல் போகலாம். பதிலை எதிர்பார்ப்பதாகத் தொனிக்கும் சொல் எதுவும் கடிதத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு தீபாவளிக்கும் என் தாயார் மருமகனுக்கு வேட்டி, சட்டை எடுத்து அனுப்புவார். என் கணவர் வாங்கி வைத்துக்கொள்வதோடு சரி. ‘மாப்பிள்ளைக்குப் பிடித்திருந்ததா?’ என்று அம்மா தொலைபேசியில் கேட்கும்போது, ‘ரொம்பச் சந்தோஷப்பட்டார், உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்’ என்று நானே சொல்லிவிடுகிறேன். கணவர் சார்பில் நான் இப்படிச் சொல்வது பொய்யாகுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஆகும். ஆனால் அதைவிட, அது நம்பும்படியான பொய் அன்று என்பதுதான் உங்கள் சிக்கல். நம் குடும்பங்களில் மாமியாருக்கு மருமகன் ‘நன்றி’ சொல்லி அனுப்புவது வழக்கமே இல்லை. அந்தச் சொல்லை அந்நியர்களிடத்தும் மேடையிலும் பயன்படுத்துகிறோம். ஆகவே அது மாப்பிள்ளை வாயிலிருந்து வந்ததில்லை என்பதை உங்கள் தாயார் முதல் ஆண்டிலேயே அறிந்திருப்பார். மகளின் நிம்மதிக்காகத் தெரியாததுபோல் இருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

சொன்னதாகச் சொல்லாமல், செய்ததைச் சொல்லுங்கள். ‘காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அதைத்தான் உடுத்திக்கொண்டார்’, ‘அலுவலகப் பூசைக்கும் அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனார்’ என்பவற்றில் பொய் இல்லை. உங்கள் தாயாருக்கு வேண்டிய செய்தியும் அதுவே. உடுத்தாமல் பெட்டியிலேயே வைத்திருக்கிறார் என்றால், அளவா நிறமா கரையா, என்ன காரணம் என்று கேட்டு, அடுத்த ஆண்டு அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடுத்த முறை தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே, ‘அம்மா பேசுகிறார்’ என்று கருவியை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். ‘வேட்டிக் கரை நன்றாக இருந்தது, அத்தை’ என்ற நான்கைந்து சொற்களுக்கு மேல் அவரிடமிருந்து வராது. வர வேண்டிய தேவையும் இல்லை.

கேள்வி: எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியின் ஆண்டு விழாவில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சார்பில் நன்றியுரை வழங்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது. யாரை முதலில் சொல்வது, ‘நான்’ என்பதா ‘நாங்கள்’ என்பதா ‘நாம்’ என்பதா, எவ்வளவு நேரம் பேசுவது என்று விளக்குங்கள்.
– வாசகர், விழுப்புரம்

பதில்: உங்கள் உரை நிற்கும் இடத்தை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள். விழா தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்கி, நாட்டுப்பண்ணோடு முடியும். நாட்டுப்பண்ணுக்கு முந்திய நிகழ்ச்சி நன்றியுரை. பிள்ளைகளின் கலைநிகழ்ச்சிகள் முடிந்து, சிறு குழந்தைகள் தாயின் தோளில் உறங்கி, கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலை பரவும் நேரம் அது. மூன்று நிமிடத்துக்கு மேல் பேசினால், கழகத்தின் சார்பில் சொல்லப்படும் நன்றி எவர் காதிலும் விழாது.

‘நாம்’ என்பது கேட்பவரையும் உள்ளடக்கும். ‘சிறப்பு விருந்தினருக்கு நாம் நன்றி தெரிவிக்கிறோம்’ என்று அவரைப் பார்த்துச் சொன்னால், அவரும் தமக்குத் தாமே நன்றி சொல்லிக்கொள்கிறார் என்று ஆகிவிடும். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் உறுப்பினர்கள் சார்பில் பேசும் நீங்கள் விருந்தினரிடம் ‘நாங்கள்’ என்றே சொல்ல வேண்டும். ‘எங்கள் கழகத்தின் சார்பில் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று ஒருமையில் முடிப்பதும் பிழையன்று. நன்றி கழகத்தினுடையது, தெரிவிப்பவர் நீங்கள். ஆனால் ஒருமுறை சொன்னால் போதும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ‘கழகத்தின் சார்பிலும் என் சார்பிலும் இதயங்கனிந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று அடுக்குவது மேடைகளில் ஊறிப்போன வழக்கம். அந்த ‘என் சார்பிலும்’ என்பதை எடுத்துவிடுங்கள். உங்களைப் பேச அழைத்தது கழகத்துக்காக.

வரிசையில் பெரிய சிக்கல் இல்லை. தலைமை வகித்தவர், சிறப்பு விருந்தினர், வாழ்த்துரை வழங்கியோர், தலைமை ஆசிரியர், ஆசிரியர்கள், நன்கொடையாளர்கள் என்று அழைப்பிதழில் உள்ள வரிசையையே பின்பற்றினால் யாருக்கும் மனக்குறை வராது. மேடையில் இருப்பவர்களை அந்த வரிசை பார்த்துக்கொள்ளும். நீங்கள் சிந்திக்க வேண்டியது அழைப்பிதழில் பெயர் இல்லாதவர்களைப் பற்றி. சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் அன்று கூடுதலாகச் சமைத்திருப்பார்கள். தூய்மைப் பணியாளர் மறுநாள் காலை அத்தனை குப்பையையும் அள்ள வேண்டியவர். பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி அமைத்தவர், பிள்ளைகளுக்கு ஒப்பனை செய்துவிட்ட முன்னாள் மாணவியர் இருப்பார்கள். இவர்களை ‘மற்றும் பலருக்கும்’ என்ற சொல்லுக்குள் தள்ளிவிடாமல், செய்த வேலையைக் குறிப்பிட்டு ஒரு வாக்கியமாவது சொல்லுங்கள். விழாவுக்கு முந்திய நாள் பள்ளிக்கு நேரில் சென்று, யார் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். கழகத்தின் உறுப்பினர்கள் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்; அவர்கள் சார்பில் நன்றி சொல்லப்போகிறவர் பார்த்திருக்க வேண்டும்.

நன்கொடைத் தொகைகளைப் படிக்க வேண்டாம். அது ஆண்டறிக்கையில் வர வேண்டியது; நன்றியுரையில் படித்தால், குறைவாகக் கொடுத்தவருக்கு அது நன்றியாக இராது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் எங்கள் தந்தையார் காலமானார். மூத்த அண்ணர் அங்கே இருந்து எல்லாவற்றையும் செய்தார். நானும் தங்கையும் கனடாவில், இளையவர் இலண்டனில். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தபின் வெளியிடும் ‘நன்றி நவிலல்’ அறிவித்தலை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. இறுதிக்கிரியைக்கே போக இயலாத நான் எழுதுவது எப்படிப் பொருந்தும்? எவருடைய பெயரையும் விட்டுவிடக் கூடாது என்றும் பயமாக இருக்கிறது.
– வாசகர், தொறொன்ரோ

பதில்: எழுதுபவர் யார் என்பது அந்த அறிவித்தலில் தெரியப்போவதில்லை, அடியில் ‘குடும்பத்தினர்’ என்றுதான் வரும். அங்கே நடந்ததை அறிந்தவர் சொல்ல, நீங்கள் எழுதிக்கொள்வது என்றே இதை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அண்ணரோடு தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசுங்கள். செய்தி கேட்டதும் முதலில் ஓடி வந்தவர் யார், தந்தையார் நோயுற்றிருந்தபோது வாகனம் கொண்டுவந்தவர் யார், அடுப்பு மூட்டாத அந்த நாட்களில் தேநீரும் உணவும் தந்த அயலவர் யார், இரவில் கூட இருந்தவர்கள் யார் என்று கேட்டு எழுதுங்கள்.

‘எமது அன்புத் தந்தையாரின் மறைவுச் செய்தி கேட்டு நேரில் வந்தும், தொலைபேசி மூலமும் அனுதாபம் தெரிவித்தவர்களுக்கும், மலர்வளையம் சாத்தியும் கண்ணீர் அஞ்சலிப் பிரசுரங்கள் வெளியிட்டும் துயர் பகிர்ந்தவர்களுக்கும்’ என்று தொடங்கும் மரபான வாசகம் உங்களுக்குத் தெரிந்ததே. அதை மாற்ற வேண்டாம். துக்கத்தில் இருப்பவர் சொல் தேடி அலையாதபடி காப்பாற்றுவதற்காகவே அந்த மரபு இருக்கிறது. அயலவர்களின் உதவியை மட்டும் பொதுச்சொல்லில் அடக்கிவிடாமல், ‘அந்த நாட்களில் உணவளித்து, இரவு பகலாக உடனிருந்த அயலவர்களுக்கும்’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியல் வேண்டாம். ஒரு பெயரைப் போட்டால் நூறு பெயரைப் போட வேண்டும். நூறு போட்டபின் விடுபட்ட ஒருவர்தான் அந்த அறிவித்தலை மறக்கமாட்டார். நிறுவனங்களையும் சங்கங்களையும் மட்டும் பெயரோடு குறிப்பிடலாம்.

உங்கள் அண்ணருக்கு அந்த அறிவித்தலில் நன்றி சொல்லாதீர்கள். நீங்கள் மூவரும் வெளிநாட்டில் இருந்தபோது அவர் தனியாகச் சுமந்ததை நினைத்து எழுதத் தோன்றும். எழுதினால் பிள்ளைகளை இரு கூறாகப் பிரித்ததாகும். அதைத் தனியாக, உங்கள் மூவரின் சார்பிலும் அவருக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள். அறிவித்தல் வெளியாவதற்கு முன்பே அது அவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் வெளிநாட்டில் இருக்கிறார். வாடிக்கையாளர் ஒருவருக்கு நன்றிக் கடிதம் அனுப்பச் சொல்லித் தொலைபேசியில் இரண்டு வரி சொன்னார். அவர் பெயரில் எழுதி நானே கையொப்பமிடலாமா?
– வாசகி, சென்னை

பதில்: அவர் பெயரில் எழுதலாம், அவர் கையொப்பத்தை நீங்கள் இடக் கூடாது. தமிழ்நாடு அரசின் ஆணைகளைப் பாருங்கள்: ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்று குறித்துவிட்டு, அதன்கீழ் அரசுச் செயலாளரின் பெயர் இருக்கும். மாநில அரசின் ஆணைகள் ஆளுநரின் பெயரில் வெளியிடப்பட வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 166ஆம் பிரிவு. செயலாளருக்குக் கீழுள்ளவர் கையொப்பமிடும் கடிதங்களில் ‘அரசுச் செயலாளருக்காக’ என்று வரும். சொல் யாருடையது, கை யாருடையது என்பதை இரண்டு வரியில் ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடுகிறார்கள். நீங்களும் ‘எங்கள் நிர்வாக இயக்குநர் தற்போது வெளிநாட்டில் இருப்பதால், அவர் கேட்டுக்கொண்டபடி இக்கடிதத்தை எழுதுகிறேன்’ என்று தொடங்கி, அவர் சொன்ன இரண்டு வரிகளை அவர் சொன்னவாறே எழுதி, ‘நிர்வாக இயக்குநருக்காக’ என்று குறித்து, உங்கள் பெயரோடும் பதவியோடும் கையொப்பமிடுங்கள்.

இரண்டு வரியை ஒரு பக்கமாக நீட்டாதீர்கள். குறிப்பாக, ‘இந்த உறவு மேலும் வளரும்’, ‘அடுத்த ஒப்பந்தத்திலும் உங்களுக்கே முன்னுரிமை’ என்பன போன்ற வாக்குறுதிகள் அழகுக்காகக்கூட நுழைந்துவிடக் கூடாது. அவற்றை அவர் சொல்லவில்லை, நிறைவேற்ற வேண்டியவர் அவர். அனுப்பிய கடிதத்தின் படி ஒன்றை அவருக்கும் அன்றே அனுப்பிவிடுங்கள். வாடிக்கையாளர் நேரில் அவரைச் சந்தித்து, ‘உங்கள் கடிதம் கிடைத்தது’ என்று சொல்லும்போது அவர் விழிக்காமல் இருக்க வேண்டும்.

கேள்வி: யாரோ ஒருவருக்காக நாம் செய்த உதவிக்கு வேறொருவர் வந்து, ‘அவர் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்’ என்கிறார். அவரிடம் என்ன பதில் சொல்வது?
– வாசகர், காரைக்குடி

பதில்: ‘பரவாயில்லை, இதற்குப் போய் எதற்கு நன்றி’ என்று தள்ளிவிடாதீர்கள், வந்தவர் அதை அப்படியே திரும்பக் கொண்டுபோய்ச் சொல்வார், அனுப்பியவருக்குச் சங்கடமாக இருக்கும். ‘மகிழ்ச்சி. அவர் இப்போது எப்படி இருக்கிறார்?’ என்று கேளுங்கள். வந்தவருக்கு ஒரு குவளை மோரும் கொடுங்கள்.